ஓர் ஈயும் ஓர் எலியும்

ஓர் ஈயின் பொருட்டு ஒரு பெரிய மருத்துவமனையை 250 அடி தள்ளிக் கட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கோல்ட்டன் நகரில் இது நடந்தது. 1993-இல் அந்நாட்டின் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் ஏறிய முதல் ஈ இது. ஒரே மாநிலத்தில் வாழும் ஈக்கு மத்தியச் சட்டம் பொருந்துமா என்று வழக்குக்கூட நடந்தது. பொருந்தும் என்று 1997-இல் தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டே அப்பகுதியின் கங்காரு எலி ஒன்றும் பட்டியலில் சேர்ந்தது. இரண்டின் துன்பத்திற்கும் மூலகாரணம், மணலின் ஓட்டம் தடைப்பட்டதே.

ஈ ஓர் அங்குல நீளம். ஆகஸ்ட், செப்டம்பர் வெயிலில் சில நாட்களே பறக்கும். பூவின்முன் அந்தரத்தில் நின்று நீண்ட குழலால் தேன் உறிஞ்சும். மற்றக் காலமெல்லாம் புழுவாக 'டெல்லி மணல்' என்னும் மண்ணுக்குள் வாசம். (நம் தலைநகரில் இதைத் தேட வேண்டாம்!) அம்மணலைக் குவித்தது மலைக் கணவாய் வழியே வீசும் சாந்தா ஆனா காற்று. கூழாங்கல்லைத் தூக்கக் காற்றுக்கு வலுவில்லை. தூசியையோ வெகுதொலைவு கொண்டுபோய்விடும். இடைப்பட்ட நுண்மணல்தான் தத்தித் தத்திச் சென்று குவியும். காற்று ஒரு நல்ல முறம்.

எலியின் கதை விந்தையானது. அது தண்ணீரே குடிக்காமல் உலர்ந்த விதைகளைத் தின்று வாழ வல்லது. மாவுப்பொருளிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து உடலுக்குள்ளேயே நீராகிறது. 1 கிராம் மாவுப்பொருளுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல். சிறுநீரோ மிகச் செறிவானது, நீர் வீணாவதில்லை. பகலில் வளைக்குள் பதுங்கி இரவில் வெளிவரும்.

இப்படி நீரின்றி வாழும் எலிக்கு வெள்ளம் வேண்டும்! ஆற்று வெள்ளம் பழைய புதர்களை அரித்துப் புதுமணலைப் பரப்பும். வெள்ளத்தில் சில எலிகள் மடியும். மேட்டிலிருப்பவை பிழைத்துப் புது மணலில் குடியேறும். வெள்ளம் வராவிடில் புல்லும் புதரும் மூடிக்கொள்ளும். தாவ வெட்டவெளியும், வளை தோண்ட இளகிய மணலும் இரா. சாந்தா ஆனா ஆற்றில் 1990-களில் கட்டப்பட்ட செவன் ஓக்ஸ் அணை கீழுள்ள ஊர்களைக் காக்கிறது. எலிக்கு வேண்டிய வெள்ளத்தையும் தடுக்கிறது.

என் கணிப்பில் ஈயின் நிலையே மோசம். எலிக்காக அணையிலிருந்து நீரைத் திறந்துவிடலாம், புதரை வெட்டலாம். காற்றுக்கு ஏது மதகு? டெல்லி மணலில் 97 விழுக்காட்டிற்கு மேல் வயலும் வீடும் சாலையுமாகிவிட்டது. எஞ்சிய துண்டுகளைக் கட்டடங்கள் காற்றிலிருந்து மறைக்கின்றன. புதுமணல் வருவதில்லை, களைகள் இருப்பதைப் பிணைத்து இறுக்கிவிடுகின்றன.