சட்டம் ஆகறதுக்கு முன்னாடி பேசணும்

நெய்வேலிச் சுரங்கத்துக்கு அக்கம்பக்கம் உள்ள ஊர்களில் நாலு விவசாயி கூடினால் நிலம் எடுப்புப் பேச்சு வந்துவிடும். முந்திரியும் பலாவும் நிற்கிற எங்கள் முத்தாண்டிக்குப்பத்திலும் அப்படித்தான். "டெல்லியில சட்டம் போட்டுட்டாங்க, நாம என்ன பண்றது?" என்று பேச்சு முடியும்.

சட்டம் ஒரே நாளில் போடுற விஷயம் இல்லீங்க. வங்கியில் கடன் மனு மேசை மேசையா நகர்ற மாதிரி, மசோதாவும் நகரும். எந்த மேசையில் நம்ம பேச்சு எடுபடும்னு தெரிஞ்சுக்கணும்.

2013 நிலம் எடுப்புச் சட்டத்தையே பார்ப்போம். 1894-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்துக்குப் பதிலாக, 2011 செப்டம்பரில் மக்களவையில் மசோதா அறிமுகமானது. உடனே ஓட்டுக்கு விடவில்லை. ஊரக வளர்ச்சிக்கான நிலைக்குழுவுக்குப் போனது. 2012 மே மாதம் குழு அறிக்கை கொடுத்தது. 2013 ஆகஸ்ட் 29-ல் மக்களவை, பிரிவு பிரிவாகப் பார்த்து, திருத்தங்களோடு நிறைவேற்றியது. செப்டம்பர் 4-ல் மாநிலங்களவை மேலும் சில திருத்தம் செய்ததால், மசோதா மக்களவைக்குத் திரும்பி வந்து ஒப்புதல் பெற்றது. செப்டம்பர் 26-ல் குடியரசுத் தலைவர் கையெழுத்து. 2014 ஜனவரி 1 முதல் அமல். தனியார் கம்பெனிக்கு நிலம் எடுக்க 80 சதவீதம், அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம் நில உரிமையாளர் சம்மதம் வேணும்னு அதில் இருக்கு. சமூகத் தாக்க மதிப்பீடும் உண்டு.

அதோடு கதை முடியலை. நிலம் எடுப்பு பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலமும் திருத்தலாம். தமிழக அரசு 105அ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுக்கும் 1997 சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு கொடுத்தது. 2019-ல் உயர்நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. சட்டமன்றம் அதே ஆண்டு வேறொரு சட்டத்தால் அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021-ல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. டெல்லியில் கிடைத்த சம்மத உரிமை, சென்னையில் சத்தமில்லாமல் கழன்றது.

இப்போ 2020 வேளாண் சட்டங்களைப் பாருங்க. ஜூன் 5-ல் அவசரச் சட்டம். செப்டம்பரில் இரு அவைகளும் முடிச்சிட்டாங்க. நிலைக்குழுவுக்கே அனுப்பலை. மாநிலங்களவையில் முக்கியமான இரண்டு மசோதாக்கள் எண்ணிப் பார்க்காமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. களப்பார்வை இல்லாமல் கடன் கொடுத்த கதைதான். விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29-ல் ரத்து மசோதா வந்தது. ஒரே நாளில் இரு அவைகளிலும், விவாதமே இல்லாமல் நிறைவேறியது.

குழுவில் கேட்காத பேச்சைச் சாலையில் கேட்க வேண்டியதாச்சு. அதற்கு நாம் கொடுத்த விலை பெரிது.

நிலைக்குழுவில் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10, ஆக 31 உறுப்பினர்கள். மசோதா கைக்கு வந்ததும் பொதுமக்களிடம் கருத்து கேட்டு விளம்பரம் கொடுப்பது வழக்கம். அவகாசம் சில வாரம்தான். மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்பார்கள். 2004 விதை மசோதா இப்படித்தான் குழுவுக்குப் போய், 2006-ல் பல திருத்தங்களோடு அறிக்கை வந்தது. அந்த மசோதா கடைசிவரை சட்டமாகலை.

அதனால் ஒவ்வொரு உழவர் சங்கமும் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த இரண்டு பிள்ளைகளை இதற்கென்று உட்கார வைக்கணும். எந்தப் பிரிவு நம்மைப் பாதிக்கும், அதற்குப் பதில் என்ன வார்த்தை வேணும் என்று எண் போட்டு எழுதணும். நகலை நம்ம தொகுதி எம்.பி. கையில் கொடுத்து, அவையில் பேசச் சொல்லணும். சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது எம்.எல்.ஏ.விடமும் அதேதான். அரசிதழில் அச்சான பிறகு வருத்தப்பட்டால், போராட்டமும் கோர்ட்டும்தான் மிச்சம்.