குடிமராமத்து கைநழுவியது எப்படி?

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், தாங்கல் என்று பல பெயர்களில் சுமார் 39 ஆயிரம் பாசன நீர்நிலைகள் உள்ளன. 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ளவை அரசின் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. ஆனால் காகிதத்தில் ஏரி யார் பொறுப்பில் இருந்தாலும், வரத்துக்காலைச் செதுக்குவதும், கரையில் எலி வளையை அடைப்பதும், மடைவாயில் சேற்றை வாருவதும் பல தலைமுறைகளாக ஊராரின் வேலையாகவே இருந்து வந்தன. இதற்குத்தான் குடிமராமத்து என்று பெயர்.

இந்த ஏற்பாடு மிகப் பழமையானது. சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், ஊர்ச் சபையின் வாரியங்களுள் ஒன்றாக ஏரி வாரியம் குறிப்பிடப்படுகிறது. இவ்வளவு காலம் நிலைத்த நல்ல பழக்கம் எப்படி நழுவிப் போயிற்று? காரணம் தெரிந்தால்தான் பரிகாரம் தேட முடியும்.

சட்டம் வந்த கதை

இந்தத் தேய்வு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1858-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று கொண்டு வரப்பட்டது. வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்து வேலைக்கு வராதவரிடம், அந்த வேலையின் கூலி மதிப்பில் இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்று அது கூறியது. வழக்கம் வழக்கமாகவே நடந்து கொண்டிருந்தால் சட்டத்துக்கு ஏது அவசியம்? அப்போதே பல ஊர்களில் அது தளர்ந்து விட்டது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி.

பொறுப்பு ஓரிடம், பலன் ஓரிடம்

முன்பு ஏரி மீன், கரைமரம், புல் முதலியவற்றின் வருமானத்தில் ஒரு பங்கு பல ஊர்களில் ஏரிச் செலவுக்கே வந்தது. பின்னர் அந்த உரிமைகள் ஊர்ப் பொதுவை விட்டு அலுவலகங்களின் ஏலத்துக்குப் போயின. பலன் வெளியே போக, மண்வெட்டி வேலை மட்டும் ஊரில் தங்கியது. அரசும் பெரிய உடைப்புகளைத் தன் செலவில் சரி செய்தது. கரையைக் கட்டித் தருபவர்கள் வாய்க்காலையும் பார்த்துக் கொள்ளட்டும் என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது. சில்லறை மராமத்தோ எந்த மதிப்பீட்டிலும் சேரவில்லை. ஆகவே அது அரசு வேலையாகவும் இல்லை, ஊர் வேலையாகவும் இல்லை.

நீர்க்கட்டி இல்லாத மடை

மடை திறந்து மூடவும், முறை வைத்து நீர் பாய்ச்சவும் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையன் என்று பலவாறாக அழைக்கப்படும் ஆள் இருந்தார். அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் அவருக்குச் சொந்த நிலம் இராது. அதனால் பாரபட்சம் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. நீர் குறைந்த ஆண்டில் எல்லார் பங்கையும் ஒரே அளவில் குறைப்பார். களத்து நெல் நின்றதும், அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். அதன்பின் மடையைத் திறப்பது, கை ஓங்கியவர் விருப்பமாயிற்று. தன் பங்கு நீர் வரும் என்ற உறுதி இல்லாத கடைமடைக்காரர் வாய்க்கால் வெட்ட எதற்காக வருவார்?

கிணறு வந்தது, ஏரி மறந்தது

1960-களின் தொடக்கத்தில் மாநிலத்தின் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏரிப் பாசனமாக இருந்தது. இன்று பாதிக்கு மேற்பட்ட பரப்பு கிணறுகளை நம்பியிருக்கிறது. மின் பம்புசெட் வந்தது. பிறகு பம்புசெட்டுக்கு மின்சாரமும் இலவசமாயிற்று. வசதியுள்ளவர் கிணறு வெட்டிக் கொண்டார். ஊர்க் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி வேலையை நடத்தக் கூடியவரும் பெரும்பாலும் அவரே. அவர் ஒதுங்கியதும், கிணறு இல்லாத சிறு விவசாயி தனியே நின்றார்.

இதில் ஒரு தவறான கணக்கு உண்டு. ஆயக்கட்டில் உள்ள கிணற்றுக்கு ஊற்று வருவதே ஏரியில் தேங்கும் நீரால்தான். ஏரி தூர்ந்தால் சில ஆண்டுகளில் கிணறும் ஆழம் கேட்கும். ஏரி வேலைக்கு ஒருநாள் ஆள் அனுப்பாதவர், பின்னால் ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்க நேரிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத நட்டம்

ஓராண்டு வேலை தவறினால் எதுவும் கெட்டுவிடுவதில்லை. ஏரி நிரம்பியது போலவே தெரியும். நல்ல பழக்கம் நழுவுவதற்கு இதுவே முக்கிய காரணம். ஆனால் கணக்குப் போட்டால் உண்மை விளங்கும். ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் ஒரு அங்குலம் வண்டல் படிந்தால் 3,630 கன அடி, அதாவது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல், கொள்ளளவு குறைகிறது. 50 ஏக்கர் ஏரியில் அதே ஒரு அங்குலம், 25 ஏக்கர் நெல்லுக்கு இரண்டு அங்குல உயரம் ஒரு தண்ணீர் கட்டும் அளவு. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் தேவைப்படும் அந்த ஒரு தண்ணீர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கெடுவது ஊர்ப் பார்வைக்கு எட்டாத வரத்துக்கால். அதில் நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக் கருவேலும் மண்டுகின்றன. அடுத்து கலிங்கு சிதைகிறது. பிறகு வயல் வாய்க்கால் வரப்போடு வரப்பாகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் ஏரி பாதியே நிரம்பும்போதுதான் ஊர் விழித்துக் கொள்கிறது.

பழையதை அப்படியே மீட்பதா?

பழைய முறையில் குறையே இல்லை என்று கூற முடியாது. மண் சுமந்தவர்களில் பலர் நிலமற்ற தொழிலாளர்கள். ஏரி நீரில் அவர்களுக்குப் பங்கில்லை; மறுத்துப் பேசும் உரிமையும் இல்லை. அந்தக் கட்டாயம் போனது நல்லதே. மீட்க வேண்டியது, பலன் பெறுபவர் தம் நிலத்தின் அளவுக்கு ஏற்ப உழைப்போ கூலியோ தரும் கடமையைத்தான்.

இதற்கு வழியும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம் விவசாயிகளின் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இடம் தருகிறது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கி, முதற்கட்டமாக 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனால் திட்டப் பணம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். வண்டலும் களையும் ஆண்டுதோறும் வரும். இடைப்பட்ட ஆண்டுகளை ஊரார்தான் பார்த்துக் கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. சித்திரை, வைகாசியில் ஏரி வற்றியதும் ஆயக்கட்டுதாரர் ஒன்றுகூடி, ஏக்கருக்கு இத்தனை ஆள் அல்லது இவ்வளவு கூலி என்று முடிவு செய்து எழுதி வைக்கவும். கிணறு உள்ளவரையும் சேர்த்துக் கொள்வது அவசியம்.

2. வண்டல் மண் வயலுக்கு நல்ல உரம். வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதி பெற்ற பிறகே எடுக்கவும். கரையை ஒட்டித் தோண்டினால் கரை பலம் இழக்கும். குறிப்பிட்டுக் கொடுத்த இடத்தில், சொன்ன ஆழத்துக்கு மேல் போகாமல் எடுப்பது நல்லது. ஏரியில் உள்ள மரங்களை வெட்டவும் அனுமதி தேவை.

3. ஆடிக்குள் வரத்துக்காலை, நீர் வரும் மேல்முனையிலிருந்து ஏரி வரை நடந்து பார்த்துச் செதுக்கவும். பக்கத்து ஊர் எல்லையில் அடைப்பு இருந்தால் அவ்வூராரையும் அழைத்துப் பேசவும்.

4. ஆவணி, புரட்டாசியில் கரையில் உள்ள எலி, நண்டு வளைகளைத் தோண்டி, களிமண் இட்டுக் கெட்டிக்கவும். மடைக் கதவு ஏறி இறங்குகிறதா என்று மழைக்கு முன்பே பார்த்து, பழுது இருந்தால் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

5. ஒரு நீர்க்கட்டியை நியமித்து, அவர் கூலியைப் பருவத் தொடக்கத்திலேயே வசூலித்து வைக்கவும். கடைமடைக்கு நீர் சேர்ந்ததா என்பதே அவர் வேலைக்கு அளவுகோலாக இருக்கட்டும்.

6. வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க் கூட்டத்தில் படிக்கவும். கணக்கு மறைந்தால் ஆளும் மறைந்து விடுவார்.

எல்லாரும் வரட்டும் என்று காத்திருந்தால் வேலை தொடங்காது. பத்துப் பேர் சேர்ந்து இந்த ஆண்டு வரத்துக்காலை மட்டுமாவது சீர் செய்யுங்கள். ஐப்பசி மழையில் நீர் வந்து சேர்வதைக் கண்டவர்கள் அடுத்த ஆண்டு தாமே மண்வெட்டியோடு வருவார்கள்.