மராமத்து வேலையும் வீட்டு வாயில்லா ஜீவன்களும்



ரமலான் நெருங்குகிறது என்றால் வண்டியூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசலில் எம்-சாண்ட் குவியலும் சாரக் கம்புகளும்தான். பெருநாளுக்குள் வெள்ளையடிக்க வேண்டும், கழிவறைக்கு டைல்ஸ் ஒட்ட வேண்டும், ஒழுகும் மேல்தளத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே அவசரம். வயதானவர்கள் இருந்தால் மகள் வீட்டுக்கு அனுப்புகிறோம். கைக்குழந்தை இருந்தால் தாயோடு அவள் பிறந்த வீட்டில் விடுகிறோம். அதே வீட்டில் வளரும் பூனை, கூண்டில் இருக்கும் லவ் பேர்ட்ஸ், கொல்லையில் கட்டியிருக்கும் ஆடு இவற்றைப் பற்றிக் கொத்தனாரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

சென்ற ஆண்டுவரை நாமும் சொன்னதில்லை. நம் அறக்கட்டளையின் வீட்டு மராமத்து உதவியில் ஒரு சகோதரியின் வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. சமையலறைப் பரணில் அவர்கள் வீட்டுப் பூனை மூன்று குட்டிகள் போட்டிருந்தது. அந்தச் சகோதரி உறவினர் வீட்டில் தங்கியிருந்ததால் வேலையாட்களுக்கு அது தெரியாது. தாய்ப்பூனை இரை தேடி வெளியே போயிருந்த நேரத்தில் பரணுக்குப் பிளைவுட் பலகை வைத்து ஸ்குரூ முடுக்கிவிட்டார்கள். பூனை திரும்பி வந்து அடுப்புமேடையில் ஏறி நின்று கத்தியது. மெஷின் சத்தத்தில் மிரண்டு கத்துகிறது என்று விரட்டினார்கள். மறுநாளும் வந்தது, மறுநாளும் விரட்டினார்கள். இரண்டாம் நாள் இரவு, வீட்டைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்ன பிறகுதான் கழற்றினோம். ஒரு குட்டிதான் உயிரோடு இருந்தது.

அந்தப் பெயிண்டரையோ தச்சரையோ குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும் என்று நெருக்கியது நாம்தான்.

பூனையை அடைத்துவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மதரஸாவில் ஓதும் சிறுவர்களுக்கும் தெரிந்ததுதான். அவள் அந்தப் பூனையை அடித்தாள் என்று அதில் இல்லை. அடைத்தாள், உணவு கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை, அவ்வளவுதான். நம் வீட்டு வேலையில் யாரும் வேண்டுமென்று அடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் பரண், ஃபால்ஸ் சீலிங், மூடியில்லாத தண்ணீர்த்தொட்டி, புதிதாக மாட்டிய அலமாரி என்று அடைபடும் இடங்களை உண்டாக்குவது நாம்தானே. ஆகவே எதை மூடுவதாக இருந்தாலும், மூடும் முன் வீட்டார் ஒருவர் டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். இரவு கதவைப் பூட்டும்போது வளர்க்கும் ஜீவன்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பூனைக்கு ஓர் அறையை ஒதுக்குங்கள். கடைசியாக வேலை நடக்கும் அறையாக இருக்கட்டும். அது வழக்கமாகப் படுக்கும் பழைய துணியைத் துவைக்காமல் அங்கே போட்டு, சாப்பாட்டுத் தட்டையும் தண்ணீரையும் மண் போட்ட டிரேயையும் அங்கேயே வையுங்கள். தன் வாசனை இருக்கும் இடத்தில் பூனை அடங்கி இருக்கும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி போதும். கதவில் 'பூனை உள்ளே, திறக்காதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வேலைக்கு வருபவர்கள் தினமும் மாறுவார்கள். வாயால் சொன்னது நிற்காது.

கட்டிங் மெஷின் சத்தம் நமக்கே காதைத் துளைக்கிறது. மனிதக் காது விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். பூனைக்கு 60,000-க்கும் மேல் கேட்கும். நமக்குக் கேட்காத கிறீச்சொலியும் அதற்குக் கேட்கிறது. டைல்ஸ் அறுக்கும் நாளில் மட்டுமாவது அதைப் பக்கத்து வீட்டில் விட முடிந்தால் நல்லது. தூக்கிப்போகச் சாக்குப்பை வேண்டாம், மூச்சு முட்டும். பழக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டினால் காற்றோட்டமான கூண்டு ஆகிவிடும். தூரத்து உறவினர் வீட்டில் விடுவதானால் இரண்டு மூன்று வாரம் அங்கே வெளியே விடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பழைய வீட்டைத் தேடிக் கிளம்பும் பூனைக்குச் சுற்றுச்சாலையில் லாரி வருவது தெரியாது.

"வேலை முடியும்வரை தொல்லை" என்று மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சோறு போட்டு வளர்த்ததைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

இனி சுவர். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் அடித்த பழைய எனாமல் பெயிண்டில், முக்கியமாகக் கதவு ஜன்னல்களில், ஈயம் கூடுதலாக இருக்கக்கூடும். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி தரையில் படியும். பூனை அதில் புரண்டு உடம்பை நக்கும்போது வயிற்றுக்குள் போகிறது. தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் அதே தூசிதான். தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். விளக்குமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பூனையின் ரோமத்தில் பெயிண்ட் ஒட்டினால் பலரும் மண்ணெண்ணெயோ தின்னரோ எடுக்கிறார்கள். இது பெயிண்டைவிடக் கெடுதல். தோலையும் புண்ணாக்கும், நக்கினால் உள்ளேயும் போகும். தண்ணீர் பெயிண்ட் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போதும். எண்ணெய் பெயிண்ட் என்றால் சமையல் எண்ணெய் தடவி இளக்கி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். காய்ந்துவிட்டால் அந்த ரோமத்தைக் கத்தரித்துவிடுங்கள். வேலை முடிந்து வீடு கழுவும்போது ஃபினாயிலும் டெட்டாலும் ஊற்றிய தரை நன்றாக அலசிக் காயும்வரை பூனையை விடாதீர்கள். அவ்வகை மருந்துகளை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. சோர்ந்து கிடக்கிறது என்று பாரசிட்டமால் மாத்திரையில் கால்வாசி கொடுத்தாலும் அதன் உயிருக்கே ஆபத்து. கரையான் மருந்து அடிக்கும் நாளில் எந்த ஜீவனும் வீட்டில் இருக்கக்கூடாது. மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

பறவைகளுக்குத் தூசியைவிட வாடைதான் எமன். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு இருக்கிறதா என்று அறிய 1911 முதல் 1986 வரை கேனரிக் குருவிகளைக் கூண்டில் கொண்டுபோனார்கள். மனிதனுக்குத் தலை சுற்றும் முன்பே குருவி விழுந்துவிடும். பறவையின் மூச்சு அமைப்பு அப்படி. நல்ல காற்றையும் விரைவாக எடுக்கும், கெட்ட காற்றையும் விரைவாக எடுக்கும். ஆகையால் பெயிண்ட், வார்னிஷ் வேலை நடக்கும்போது லவ் பேர்ட்ஸ் கூண்டின்மேல் துணி போர்த்துவதால் பயனில்லை. கூண்டோடு வேறு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வாடை முழுவதும் போன பிறகே திரும்பக் கொண்டுவாருங்கள். மொட்டைமாடிப் புறாக்கள் விஷயம் வேறு. இடம் மாற்றித் திறந்துவிட்டால் பழைய மாடிக்கே வந்து, கூண்டைக் காணாமல் சுற்றும். வேலை முடியும்வரை அடைத்தே வைத்துத் தீனி போட வேண்டும். மீன்தொட்டியின் காற்று மோட்டார் அறையின் வாடையைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். அதையும் வேறிடம் மாற்றுவதே நல்லது.

மீட்டர் பெட்டியில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தால், முட்டையிட்டதிலிருந்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். அந்த மூலையைக் கடைசியாக வைத்துக்கொண்டால் முடிந்தது. பயணத்தில் ஒரு பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, தாய்ப்பறவை பரிதவித்து வந்ததும், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் அபூதாவூதில் வருகிறது.

ஆடு வளர்ப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஈரச் சிமெண்டும் நீற்றிய சுண்ணாம்பும் குளம்பின் இடுக்கையும் மூக்கையும் அரித்துவிடும். சிமெண்ட் கலந்த தண்ணீரைத் தாகத்தில் ஆடு குடிக்கும். பக்கத்திலேயே நல்ல தண்ணீர் வாளி இருந்தால் பெரும்பாலும் அதைத் தொடாது. சாக்குப்பை நூல், பாலித்தீன் எதையும் விடாமல் மெல்லும். சென்ட்ரிங் பலகை பிரித்த இடத்தில் ஆணி கிடக்கும். நொண்டுவது வெளிப்படையாகத் தெரியும் ஆடு குர்பானிக்குக் கூடாது. ஆண்டு முழுவதும் வளர்த்தவர்களுக்கு இந்த நட்டம் பெரியது. மாலையில் சித்தாளிடம் சொல்லி ஆணிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போடச் செய்யுங்கள்.

வாயில் நுரை, மூச்சுத் திணறல், நடை தள்ளாட்டம் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல், ஜீவன் நக்கிய டப்பாவையும் எடுத்துக்கொண்டு தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். ஆடு மாடுகளுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இவ்வாண்டு மராமத்து உதவி விண்ணப்பத்தில் 'வீட்டில் உள்ள வளர்ப்பு ஜீவன்கள், குட்டி போட்ட இடம்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அதை நிரப்பாத படிவத்தை வாங்க வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறோம். பரணில் பிழைத்த அந்தக் குட்டி இப்போது அதே சமையலறையில்தான் வளைய வருகிறது.