பனிமலையில் பாதை விலகிச் சறுக்கக் கற்பதற்கு எங்கே செல்வது?

ஆண்டு விழா மலரில் தமிழாசிரியர் எழுதும் கட்டுரை திருக்குறளைப் பற்றியதாகவோ தைப்பொங்கலைப் பற்றியதாகவோ இருப்பதே வழக்கம். இம்முறை நாம் பனிமலை ஏறுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வகுப்பு முடிந்தபின் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி எம்மிடம் வந்தான். நண்பர்களுடன் பனிச்சறுக்கப் போகவேண்டுமாம். அதுவும் செப்பனிட்ட பாதையில் அன்று, அதற்கு வெளியே. “அப்பாவிட்டை ஒருக்காச் சொல்லுங்கோ சேர்” என்றான். வாசலில் காத்து நின்ற தந்தையோ, “உந்தப் பள்ளத்துக்கை விழுந்தால் ஆர் மாஸ்டர் தூக்குறது?” என்று கேட்டார். இருவருக்கும் சொல்ல எம்மிடம் அன்று விடை இருக்கவில்லை. வடமராட்சி மண்ணில் பிறந்து, முப்பது வயது கடந்தபின் அகதியாய் வந்த நாட்டிலே முதன்முதலாகப் பனியைக் கண்டவர் நாம். எனவே சிறிது படித்தோம். மலைக்கும் இருமுறை சென்று பயிற்றுநரிடம் கேட்டறிந்தோம். அன்று சொல்லாத விடையை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல்லை விளங்கிக்கொள்வோம். சறுக்குத் தளங்களில் இரவு வேளையில் இயந்திரம் கொண்டு பனியை அழுத்திச் சமப்படுத்திய பாதைக்கு ‘பீஸ்ட்’ என்று பெயர். அதைவிட்டு விலகி, இயற்கையாய்க் கிடக்கும் பனியில் சறுக்குவது ‘ஓஃப்-பீஸ்ட்’. ஆனால் இவ்வொரு சொல்லுக்குள் இரண்டு வேறு இடங்கள் ஒளிந்திருக்கின்றன. தளத்தின் எல்லைக்குள்ளேயே செப்பனிடாது விடப்பட்ட சரிவு ஒன்று. எல்லைக் கயிற்றுக்கு அப்பாலுள்ள திறந்த மலை மற்றொன்று. முன்னையதில் காவற்குழுவினர் பனிச்சரிவு ஆபத்தை ஆராய்வர். வேண்டுமாயின் வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே சரித்து விடுவர். விழுந்தவரைத் தூக்கவும் வருவர். பின்னையதில் அவ்வாறு எவரும் இல்லை. அத்தந்தையின் கேள்விக்கு விடை இந்தக் கயிற்றிலேயே தங்கியிருக்கிறது.

பனிச்சரிவு என்பது யாது? மணற்காட்டு மணற்குன்றுகளைப் பார்த்த பெற்றோருக்கு இதை விளக்குவது எளிது. காற்று வீசும் பக்கத்திலே மணல் மெல்ல ஏறி, உச்சியைக் கடந்து, மறைவுப் பக்கத்திலே கொட்டுண்டு செங்குத்தாகக் குவியும். அப்பக்கத்திற் கால் வைத்தால் மணல் பொலபொலவென்று எம்மையும் இழுத்துக்கொண்டு இறங்கும். பனியையும் காற்று அவ்வாறே குவிக்கிறது. நியூசிலாந்து மலைகளில் மேற்கிலும் வடமேற்கிலும் இருந்து வீசும் காற்றே மிகுதியாதலால், கிழக்கு, தென்கிழக்குச் சரிவுகளில் பனி அதிகம் ஏறுவதுண்டு. மணலுக்கும் பனிக்கும் ஒரு வேறுபாடு: பனி ஒட்டும். மேலடுக்குப் பலகைபோல் இறுகி, கீழடுக்குச் சீனிபோல் பிடிப்பற்றுக் கிடக்கும்போது, ஒரு மனிதனின் பாரமே முழுப் பலகையையும் உடைத்துவிடப் போதும். இத்தகைய சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையான சாய்விலேயே நிகழ்கின்றன. சறுக்குவோர் விரும்பித் தேடும் சாய்வும் அதுவே! புதையுண்டவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்காவிடின் உயிர்பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். ஆதலால் எல்லைக்கு வெளியே செல்வோர் ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் கொண்டு செல்வர். உடன் வருவோரும் அவற்றைக் கையாளப் பழகியிருக்க வேண்டும். மலைப் பாதுகாப்புச் சபை குளிர்காலத்தில் ஐந்து படிநிலைகளில் பனிச்சரிவு அறிவித்தல் வெளியிடுகிறது. வானத்தையும் நீரோட்டத்தையும் பாராமல் எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் வள்ளத்தைத் தள்ளுவதில்லை. அதுபோன்றதே இதுவும்.

இனி இடத்துக்கு வருவோம். பிளாட் புஷ்ஷில் வாழும் நமக்கு மிக அண்மையிலுள்ள பனி, ஒக்லாந்தின் வடக்கே சில்வர்டேலில் 2005 இல் திறக்கப்பட்ட ஸ்னோபிளனெட் உள்ளரங்கு. அங்கே நிற்கவும் திரும்பவும் நிறுத்தவும் பழகலாம். ஓஃப்-பீஸ்ட் பழக முடியாது. அதற்கு ருவாபேஹு மலைக்குச் செல்லவேண்டும். தெற்கு நோக்கிக் காரில் நாலைந்து மணித்தியாலப் பயணம். 2,797 மீற்றர் உயரமான இம்மலையின் வடமேற்கே ஃபாக்காபாப்பா, தென்மேற்கே தூரோவா என இரு தளங்கள் உள்ளன. ஃபாக்காபாப்பாவில் தொடக்கநிலையாளருக்கெனத் தனியான ‘ஹப்பி வலி’ உண்டு. (தமிழில் எழுதும்போது ‘வலி’ என்றே வருகிறது, முதல் நாள் மாலை எமது இடுப்பு அதை ஒப்புக்கொண்டது.) அதற்கு மேலே நடுத்தரப் பாதைகளும், அவற்றையொட்டியே செப்பனிடாத பள்ளங்களும் மேடுகளும் உள்ளன. எமது கணிப்பில் இதுவே முக்கியம்: பாதையிலிருந்து பத்து மீற்றர் விலகி, நான்கு திருப்பங்கள் போட்டு, பயந்தால் உடனே பாதைக்கு மீளக்கூடிய இடமே கற்பதற்கேற்ற இடம். உயரமும் புகழும் அதற்குப் பின்னரே.

புவியியல் மாணவருக்கு ஒரு குறிப்பு. தென்னரைக்கோளத்தில் வெயில் விழுவது வடக்குப் பக்கத்தில். ஆகவே ஃபாக்காபாப்பாவின் பனி முற்பகலிலேயே இளகத் தொடங்கும். தூரோவாவின் பனி நெடுநேரம் இறுகியிருக்கும். படங்களில் காணும் மாவு போன்ற ஆழ்பனி இங்கே அரிது. காற்றுச் சப்பிய கடும்பனியே அதிகம். செப்டெம்பர் இறுதியில் தொடங்கும் பாடசாலை விடுமுறையில் வெயில் பனியை இளக்கிவைத்திருந்தால், புதியவர் பாதை விலகிப் பழகுவதற்கு அது உகந்த காலம். ஆடி மாத விடுமுறையில் கூட்டமும் கூடுதல்.

ருவாபேஹு உயிருள்ள எரிமலை என்பதையும் மறைக்கக் கூடாது. 1995, 1996 ஆம் ஆண்டுகளின் வெடிப்புகள் சறுக்குப் பருவத்தையே குலைத்தன. 2007 செப்டெம்பர் 25 இல் ஃபாக்காபாப்பா தளத்தின் ஊடாகவும் சேற்றுவெள்ளம் இறங்கியது. எச்சரிக்கை ஒலி கேட்டால் பள்ளத்தை விட்டு மேட்டுக்கு ஏறவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். தளங்களை நடத்திய நிறுவனமும் 2022 இல் கடனில் மூழ்கி, பின்னர் தளங்கள் கைமாறின. பருவச்சீட்டு வாங்குமுன் விசாரிப்பது நன்று.

தென்தீவு செல்ல வசதியுள்ளோர் வானாக்காவைத் தளமாகக் கொள்ளலாம். அங்கிருந்து இரு தளங்கள் எட்டும் தூரத்தில் உள்ளன. அகன்ற இளஞ்சரிவுகள் கொண்ட கார்ட்ரோனாவில் முதலில் சில நாள். கால் உறுதியான பின், ஓஃப்-பீஸ்டுக்குப் பேர்பெற்ற ட்ரெபிள் கோனில் பயிற்றுநருடன் ஒரு நாள். இவ்வொழுங்கை மாற்ற வேண்டாம். கன்ரபரியில் உள்ள கிரெய்கிபேர்ன் போன்ற சங்கத் தளங்கள் வேறு வகையின. பெரும்பாலும் செப்பனிடாத சரிவே. மேலே ஏற நாற்காலி கிடையாது. ஓடும் கயிற்றை ‘நட்கிராக்கர்’ என்னும் இரும்புக் கௌவியாற் பற்றி ஏறவேண்டும். நம் வீட்டுப் பாக்குவெட்டியின் இனம் அது. வல்லவருக்குச் சொர்க்கம், புதியவருக்கு அன்று.

பனிப்பலகையைத் தேர்ந்தவர்கள் இன்னொன்றையும் நோக்கவேண்டும். இரு கால்களும் ஒரே பலகையிற் பிணைபட்டிருப்பதால் நீண்ட சமதளத்தில் அவர்கள் நின்றுவிடுவர். ஊன்றித் தள்ளக் கோலும் இராது. ஆகவே சரிவுக்குச் செல்லும் குறுக்குவழி எவ்வளவு தட்டையானது என்பதை முன்னரே கேட்டறிக.

மார்கழி விடுமுறையில் இந்தியா செல்வோர் சிலர் காஷ்மீரத்துக் குல்மார்க் பற்றியும் வினவினர். அங்கே அடிவாரப் புல்வெளியில் அரிச்சுவடி படிக்கலாம். 2005 இல் திறந்த கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டமோ அபர்வாத் மலையில் ஏறத்தாழ 3,900 மீற்றர் உயரத்தில் நேரே பல்கலைக்கழகத்தில் இறக்கிவிடுகிறது. இடையிலே படிக்கக்கூடிய வகுப்புகள் குறைவு. 2024 பெப்ரவரியில் அங்கே பாதைக்கு வெளியே சறுக்கிய வெளிநாட்டவர் ஒருவர் பனிச்சரிவில் உயிரிழந்தார்.

அந்த மாணவனும் தந்தையும் இப்போது மாதமொருமுறை சில்வர்டேலுக்குப் போய்வருகின்றனர். செப்டெம்பர் விடுமுறையில் ஃபாக்காபாப்பாவில் இரண்டு நாள், பயிற்றுநருடன், கயிற்றுக்கு உள்ளே மட்டும் என்று பேசி முடித்திருக்கிறார்கள். தந்தைக்கும் ஒரு சோடி சறுக்குக்கட்டை வாடகைக்கு எடுப்பதாக ஏற்பாடு.