சாம்பல் தீட்டும் வண்ணம்... ஷிகராக்கி சூளையும் ஒரு தாயின் போராட்டமும்!

ஜப்பானின் ஷிகராக்கி ஊரில் பழைய முறைப்படி செய்யப்பட்ட ஒரு ஜாடியைப் பார்த்தால், முதலில் கண்ணில் படுவது அதன் தோள்பகுதியில் வழிந்து உறைந்திருக்கும் பச்சைக் கண்ணாடித் துளிகள்தான். ஒரு பக்கம் இளஞ்சிவப்பு. இன்னொரு பக்கம் கருகிய கறுப்பு. இடையிடையே அரிசிக் குருணையை இறைத்ததுபோல வெள்ளைப் புள்ளிகள்.

'எந்தச் சாயத்தைப் பூசினார்கள்?' என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். எதையுமே பூசவில்லை என்பதுதான் பதில். வெறும் களிமண் ஜாடியைச் சூளைக்குள் வைத்து, நாள்கணக்கில் விறகு போட்டு எரித்தார்கள். மீதியைத் தீயும் சாம்பலும் பார்த்துக்கொண்டன!

கேஸ் சூளையும் மின்சாரச் சூளையும் வந்த பிறகு, இப்படிச் சுடவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனாலும், கைவிடப்பட்ட இந்த முறையை மீட்டெடுக்கச் சிலர் தங்கள் வாழ்நாளையே கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் கியோகோ கோயாமா. சூளைப் பக்கம் பெண்கள் வரவே கூடாது என்றிருந்த ஊரில், தன் வீட்டிலேயே சூளை கட்டியவர். பின்னாளில், தன் மகனுக்காக அவர் நடத்திய போராட்டம், முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைக் காத்த ஓர் அமைப்பு உருவாகவும் துணை நின்றது.

சரிவில் ஒரு குகை

ஷிகராக்கி, ஜப்பானின் ஷிகா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே உள்ள ஊர். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பரந்திருந்த பழைய பிவா ஏரியின் அடியில் படிந்த வண்டல்தான் இந்த வட்டாரத்தின் களிமண். ஏரி வடக்கே நகர்ந்துவிட்டது. மண் இங்கேயே தங்கிவிட்டது. தீயைத் தாங்கக்கூடிய, பெரிய பாத்திரங்கள் செய்யத் தோதான மண். அதில் ஃபெல்ட்ஸ்பார் என்கிற வெள்ளைக்கல் துணுக்குகள் கலந்திருக்கும். சூடேறும்போது அவை உருகி மேற்பரப்பில் எட்டிப் பார்க்கும். அரிசிக் குருணைபோலத் தெரிவது அவைதான்.

பானை சுடும் சூளைக்கு 'அனகாமா' என்று பெயர். 'அன' என்றால் துளை, குழி. 'காமா' என்றால் சூளை. மலைச்சரிவில் நீளவாக்கில் கட்டப்பட்ட ஒரு குகை என்று வைத்துக்கொள்ளலாம். கீழே அடுப்பு வாய், மேலே புகைபோக்கி, நடுவில் தடுப்பே இல்லாத ஒரே அறை. 5-ம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த தொழில்நுட்பம் இது. சரிவில் இருப்பதால் சூடான காற்று தானாகவே மேல்நோக்கி இழுக்கும். துருத்தி தேவையில்லை. மலையே அடுப்பை ஊதிவிடும்!

சாம்பல் கண்ணாடியாகும் ரகசியம்

நம் வீட்டு அடுப்பில் சாம்பல் என்பது அள்ளிக் கொட்டவேண்டிய பொருள். அனகாமாவில் அதுதான் சாயம்.

இந்தச் சூளைக்குப் பெரும்பாலும் சிவப்பு பைன் மரத்தின் விறகைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பிசின் உள்ள மரம் என்பதால், குப்பென்று பற்றி நீளமான தீ நாக்குகளை நீட்டும். அந்தத் தீயோடு நுண்ணிய சாம்பலும் பறந்து, வழியில் இருக்கும் பாத்திரங்களின் மேல் படியும். சூளையின் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, சாம்பலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் களிமண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து உருகும். ஆறியதும், அது கண்ணாடி. மண்ணிலும் சாம்பலிலும் உள்ள கொஞ்சம் இரும்புதான் அதற்குப் பச்சை நிறத்தைத் தருகிறது.

விறகை அதிகமாகப் போட்டால், சூளைக்குள் ஆக்சிஜன் போதாது. பசித்த தீ, மண்ணில் கலந்திருக்கும் இரும்பிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அப்போது ஒரு நிறம் வரும். காற்றை உள்ளே விட்டால் வேறு நிறம். அடுப்பு வாய்க்கு அருகில், தணலில் புதைந்து கிடந்த பாத்திரம் கறுத்துப்போகும். தீ மட்டும் தடவிச் சென்ற பாத்திரம் சிவக்கும். இன்னொரு ஜாடியின் மறைவில் நின்றதற்கு, அந்த ஜாடியின் நிழலே தழும்பாகப் பதியும்.

அதனால்தான், பாத்திரங்களைச் சூளைக்குள் அடுக்குவதே பாதி வேலை என்பார்கள். எதை முன்னால் வைப்பது, எதைச் சாய்த்து வைப்பது, தீ எந்தச் சந்து வழியாக நுழையும்... இதெல்லாம் யோசித்து அடுக்கவேண்டும். பாத்திரம் தரையோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க அடியில் சிப்பிகளை வைப்பதும் உண்டு. அந்தச் சிப்பியின் அச்சும் ஜாடியில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஜப்பானின் இன்னொரு பழைமையான பானை ஊரான பிசெனில் வேறொரு உத்தி. வயல்களுக்கு அடியிலிருந்து எடுக்கும் இரும்புச்சத்துள்ள களிமண்ணில் பாத்திரம் செய்து, அதில் வைக்கோலைச் சுற்றிச் சுடுவார்கள். வைக்கோல் எரிந்துபோகும், அது பட்ட இடமெல்லாம் செந்நிறக் கோடுகள் மிஞ்சும். தூரிகையே தொடாத ஓவியம்!

தூங்காத நாள்கள்

சூளை பற்றவைக்கப்பட்டால், பிறகு யாருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. முதலில் சின்னத் தீ. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம் மெதுவாக வெளியேறவேண்டும். அவசரப்பட்டால், உள்ளே நீராவி கட்டிப் பாத்திரம் வெடித்துவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றுவார்கள். உச்சத்தை நெருங்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை விறகு போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஒருவர் கண்ணயர, இன்னொருவர் உட்கார, முறைபோட்டு இரவு பகலாகக் காவல் காப்பார்கள். சில சூளைகளில் இது நான்கைந்து நாள். சிலவற்றில் பத்து நாளையும் தாண்டும். விறகு டன் கணக்கில் கரையும்.

தீயின் நிறமும் புகையும்தான் முக்கியமான கடிகாரம். தீ செஞ்சிவப்பிலிருந்து ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கண் கூசும் வெண்மையை நெருங்கும். கைதேர்ந்தவர்கள் அதைப் பார்த்தே உள்ளே இருக்கும் சூட்டைச் சொல்வார்கள்.

எல்லாம் முடிந்ததும் அடுப்பு வாயைச் செங்கல்லாலும் மண்ணாலும் அடைத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் கடினமான வேலை. அது, சும்மா இருப்பது! சூளை தானாக ஆற, எரித்த நாள்களுக்கு ஈடாக நாள்கள் பிடிக்கும். ஆசைப்பட்டு முன்கூட்டியே திறந்தால், குளிர்ந்த காற்று பட்டு ஜாடிகள் விரிசல் விடும். மாதக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

விதை ஜாடி பூச்சாடி ஆன கதை

ஆரம்பத்தில் இவை கலைப்பொருள்களே அல்ல. தானியம் கொட்டிவைக்க, விதை சேமிக்க, தண்ணீர் நிரப்ப விவசாயிகள் வாங்கிய சாதாரணச் சாமான்கள். 15, 16-ம் நூற்றாண்டுகளில் ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் ஆசான்கள்தான் இவற்றில் வேறொன்றைக் கண்டார்கள். பளபளப்பான சீனப் பீங்கானைவிட, கோணலும் தழும்புமாக இருக்கும் இந்தக் கிராமத்து ஜாடி மனதைச் சாந்தப்படுத்துவதாக உணர்ந்தார்கள். குடிசையில் கிடந்த விதை ஜாடி, தேநீர் அறையின் பூச்சாடியானது. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருவர் குந்தியிருப்பதுபோலத் தெரிந்ததால், அந்தச் சின்ன ஜாடிக்கு 'உசுகுமாரு' என்றே பெயர் வைத்தார்கள். குந்தியிருப்பது என்று அர்த்தம்.

பிறகு, 17-ம் நூற்றாண்டு வாக்கில் பல அறைகள் கொண்ட படிச்சூளைகள் பரவின. விறகு மிச்சம், ஒரே நேரத்தில் நிறைய பாத்திரங்களைச் சுடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஷிகராக்கி, வீடுகளைச் சூடாக வைக்கும் கணப்புச் சட்டிகளைப் பெருமளவில் செய்து ஜப்பான் முழுவதும் அனுப்பியது. அவற்றுக்கெல்லாம் நேர்த்தியான வண்ணப்பூச்சு உண்டு. தீயின் இஷ்டத்துக்கு விட்ட பழைய பாத்திரங்கள் அருங்காட்சியகங்களிலும், பழைய சூளைகள் இடிந்து கிடந்த இடங்களில் உடைந்த ஓடுகளாகவும்தான் மிஞ்சின.

'பெண் வந்தால் தீட்டு'

1936-ல் நாகசாகி மாகாணத்தின் சசேபோவில் பிறந்த கியோகோ, சிறுமியாக இருந்தபோதே குடும்பத்தோடு ஷிகராக்கிக்கு வந்து சேர்ந்தார். வறுமைதான் குடும்பத்தின் சொத்து. இளம்வயதில் அவருக்குக் கிடைத்தது, கணப்புச் சட்டிகளுக்குச் சித்திரம் தீட்டும் வேலை.

பெண்கள் சித்திரம் தீட்டலாம், மண் சுமக்கலாம். ஆனால், சூளை ஆண்களின் இடம். பெண் நெருங்கினால் தீட்டு, சூளைக்குரிய தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்பது அன்றைக்கு அங்கே வேரூன்றியிருந்த நம்பிக்கை. ஒரு ஜாடி சரியாக வரவில்லை என்றால், பழியைச் சுமக்க ஒரு பெண்ணின் கால்தடம் போதும்.

அந்தச் சூழலில்தான் கியோகோ பானை வனையக் கற்று, தனியாகவும் தொழில் செய்தார். பழைய ஓடுகளில் ஒளிர்ந்த அந்தச் சாம்பல் பச்சை அவரை விடவில்லை. 1970-ல் தன் வீட்டு இடத்திலேயே அனகாமா கட்டினார். பூச்சு எதுவும் இல்லாமல், தீயை மட்டும் நம்பி அந்த நிறத்தை மீட்பதுதான் குறிக்கோள்.

சொல்வதற்கு எளிது. ஒவ்வொரு முறை சூளை எரிக்கவும் விறகு வாங்கவேண்டும். விறகுக்குப் பணம் வேண்டும். திறந்து பார்த்தால், உள்ளே தோல்வி. மறுபடியும் கடன், மறுபடியும் விறகு. இதற்கிடையே, அவரைப்போலவே பானைக் கலைஞரான கணவர் பிரிந்து சென்றார். மகளையும் மகனையும் வைத்துக்கொண்டு, தனியாக நின்றார். சூளையை மட்டும் அணைக்கவில்லை. அந்த 1970-களிலேயே அவர் தேடிய நிறம் அவருடைய ஜாடிகளில் வந்து அமர்ந்தது. ஷிகராக்கியின் பெண் பானைக் கலைஞர்களில் முன்னோடி என்று ஊரும் உலகமும் அவரை ஏற்றுக்கொண்டன.

மகனுக்காக ஏந்திய கை

மகன் கென்இச்சியும் பானைக் கலைஞரானார். ஆனால், அம்மாவின் வழியில் இல்லை. அம்மா பூச்சே வேண்டாம் என்றவர். மகனோ, இரும்புச்சத்துள்ள கறுப்புப் பூச்சில் மின்னும் 'தென்மோகு' தேநீர்க் கிண்ணங்களில் மனதைப் பறிகொடுத்தவர். ஒரே வீட்டில் இரண்டு வழிகள்!

1990-ல் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யலாம். ஆனால், திசு வகை பொருந்தவேண்டும். உடன்பிறந்தவர்களிடம் அது பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். குடும்பத்துக்கு வெளியே என்றால், பல ஆயிரம் பேரில் தேடவேண்டியிருக்கும். அப்போது ஜப்பானில் நாடு முழுவதற்குமான பொதுவான மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு கிடையாது. நோயாளியின் குடும்பமே ஊர் ஊராகத் தேடவேண்டிய நிலை.

சூளை அடுப்பின் முன் நின்று பழகிய கியோகோ, மக்கள் முன் போய் நின்றார். நண்பர்களும் ஊர்க்காரர்களும் கூடினார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வரும்படி ஒவ்வொருவராகக் கேட்டார்கள். இதே வேதனையில் இருந்த மற்ற குடும்பங்களின் குரல்களோடு இந்தக் குரலும் சேர்ந்தது. 1991 டிசம்பரில், நாடு முழுவதற்குமான மஜ்ஜை வங்கிக்கான அமைப்பு ஜப்பானில் தொடங்கப்பட்டது.

ஆனால், கென்இச்சிக்கு முழுமையாகப் பொருந்தும் கொடையாளர் கிடைக்கவில்லை. 1992-ல், 31 வயதில் அவர் மறைந்தார்.

அத்தோடு கியோகோ வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. யாரோ ஒருவரின் பிள்ளைக்குப் பொருந்தும் கொடையாளர் கிடைக்கவேண்டும் என்பதற்காக, மஜ்ஜை தானம் பற்றித் தொடர்ந்து பேசினார். மகனின் கிண்ணங்களைத் தன் ஜாடிகளோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். அவரது வாழ்க்கை 2005-ல் திரைப்படமானது. 2019-ல் தொடங்கிய 'ஸ்கார்லெட்' என்ற என்.ஹெச்.கே தொலைக்காட்சித் தொடர், ஷிகராக்கியில் பானை வனையும் பெண்ணின் கதையாக ஜப்பானிய வீடுகளுக்குள் தினமும் காலையில் நுழைந்தது. கதை கற்பனைதான் என்றாலும், அதில் கியோகோவின் சாயல் இருந்தது.

தீ தரும் மிச்சம்

2023 டிசம்பரில், 87-வது வயதில் கியோகோ காலமானார். அவர் குரல் கொடுத்து உருவான மஜ்ஜை வங்கியின் மூலம் இதுவரை 20,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு மாற்றுச் சிகிச்சை நடந்திருக்கிறது. அவர்களில் யாரும் கென்இச்சியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பொருந்தும் ஒருவர் எங்கோ இருப்பார் என்று பரிசோதனைக்குக் கை நீட்டியவர்கள் தந்த உயிர்கள் அவை.

ஷிகராக்கியில் அனகாமாக்கள் இன்றும் புகைகின்றன. உள்நாட்டுக் கலைஞர்கள் மட்டுமல்ல, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று பல நாடுகளின் கலைஞர்களும் இந்த முறையைக் கற்றுத் தங்கள் ஊரில் சூளை கட்டுகிறார்கள். பெண்களும் விறகு போடுகிறார்கள், இரவுக்காவல் இருக்கிறார்கள்.

நல்ல மண்ணைத் தேடலாம். விறகை உலர்த்தலாம். யோசித்து அடுக்கலாம். கண்விழித்துத் தீயைக் காக்கலாம். அடுப்பு வாயை அடைத்த பிறகு, உள்ளே எது உடைந்தது, எது ஒளிர்கிறது என்பது திறக்கும் நாள் வரை யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதற்காக, அங்கே எவரும் விறகு பிளப்பதை நிறுத்துவதில்லை.