பூங்கொத்துக்கு நடுவே எத்தனை கை?

அமெரிக்காவில் வேறு ஊரில் இருப்பவருக்குப் பூ அனுப்பணும்னா பலரும் செய்வது இதுதான்: ஊர் பெயரைப் போட்டு கூகுளில் தேடி, மேலே வரும் தளத்தில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, கார்டு நம்பரைக் கொடுப்பது. அந்தத் தளத்துக்கு அந்த ஊரில் கடையே இல்லாமல் இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் வேர் இணையத்துக்கு ரொம்ப முந்தியது. 1910-ல் பூக்கடைக்காரர்கள் 15 பேர் சேர்ந்து, தந்தி வழியாக ஆர்டர்களைப் பரிமாறிக்கொள்ள ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய எஃப்.டி.டி. அதுதான். சிகாகோக்காரர் தன் ஊர்க் கடையில் பணம் கட்டுவார், பாஸ்டன் கடை பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கும், கணக்கைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்துக்கு அருமையான யோசனை. இரண்டு முனையிலும் பூ தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

இணையம் வந்ததும் அனுப்பும் முனையில் கடையே தேவையில்லாமல் போச்சு. ஒரு வெப்சைட்டும் விளம்பரக் காசும் போதும். தொழிலில் இவர்களை 'ஆர்டர் கேதரர்' என்கிறார்கள். எங்க பாஷையில் மிடில்வேர், ஆனா ஒவ்வொரு கோரிக்கைக்கும் கமிஷன் எடுக்கும் மிடில்வேர். உள்ளூர்க் கடை போல நடித்து இருப்பிடத்தைத் திரித்துக் காட்டக்கூடாது என்று சில மாநிலங்கள் சட்டமே போட்டிருக்கின்றன.

80 டாலர் கொத்து ஒன்றை எடுத்துக்குவோம். ஆர்டர் பிடித்தவருக்கு 20 சதவீதம், நெட்வொர்க்குக்கு 7 சதவீதம் என்று வைத்தால், கட்டித்தரும் கடைக்குப் போவது 58 டாலர் 40 சென்ட். பல நேரம் டெலிவரியும் அதற்குள்ளேதான். உங்களிடம் தனியாக வாங்கிய சேவைக் கட்டணம் இந்தக் கணக்கிலேயே வராது. படத்தில் இருப்பதைவிடக் கொத்து மெலிந்து வந்தால், கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை.

காசைவிட எனக்கு உறைத்தது வேறு. எங்க டீமில் ஒருத்தரோட அப்பா இறந்தப்போ, எல்லாரும் சேர்ந்து இப்படி ஒரு தளத்தில் ஆர்டர் கொடுத்தோம். பூ போய்ச் சேர்ந்தது அடக்கம் முடிந்த மறுநாள். எந்தக் கடையிடம் ஆர்டர் இருக்கு என்று கேட்டால் வாடிக்கையாளர் சேவையில் பதிலே இல்லை. உள்ளூர்க் கடைக்காரருக்கு அந்த ஃபியூனரல் ஹோமை நல்லாத் தெரியும். அஞ்சலி எத்தனை மணிக்கு, பூவை எந்த வாசல் வழியா கொடுக்கணும் என்பதெல்லாம் அவருக்கு அன்றாட வேலை.

நேரடிக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி? துக்க காரியம் என்றால் ஃபியூனரல் ஹோமுக்கே போன் போடுங்க. வழக்கமாக வரும் கடைகளின் பெயரைச் சொல்லிடுவாங்க. மற்றதுக்கு, மேப்பில் தெரு முகவரியும் கடை வாசல் படமும் இருக்கான்னு பாருங்க. சின்னக் கடைகளின் வெப்சைட்டையே சில சமயம் நெட்வொர்க்தான் நடத்தும், அதனால் போன்தான் உத்தமம். பேசும்போது படத்தைக் காட்டி 'இதே வேணும்'னு கேட்காதீங்க. பட்ஜெட்டையும் விசேஷத்தையும் சொல்லிட்டு, "இன்னிக்கு என்ன பூ நல்லா வந்திருக்கு?"ன்னு கேளுங்க. கையில் இருக்கிற நல்ல பூவிலேயே அவர் கட்டித் தருவார்.