மசோதாவும் ஜனங்களின் பாஷையும்

ஐந்து வருஷங்களுக்கு ஒருமுறை வோட்டுப் போட்டுவிட்டு வாய்மூடி இருப்பது ஜனநாயகமாகாது. தம்மை ஆளப்போகும் சட்டத்தைப் பற்றி, அது சட்டமாவதற்கு முன்பே அபிப்பிராயம் சொல்லப் பிரஜைகளுக்கு உரிமை உண்டு. கெஜட்டைத் தேடிப் பிடித்துப் படிப்பவர் எத்தனை பேர்? இன்றோ இணையத்தின் உதவியால், டில்லியில் வெளியாகும் நகல் அன்றைக்கே திருநெல்வேலிக் கிராமவாசியின் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அவருடைய மறுமொழியும் நொடியில் டில்லி சேரும்.

2014-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஒரு நல்ல விதி வகுத்தனர். மசோதாவின் நகலைக் குறைந்தது 30 நாட்கள் ஜனங்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். எளிய நடையில் விளக்க வேண்டும். வந்த அபிப்பிராயங்களின் சுருக்கத்தையும் இணையத்தில் பிரசுரிக்க வேண்டும் என்பது அது. ஆனால் இது கொள்கையேயன்றிச் சட்டமன்று.

கைக்கு எட்டியது கருத்துக்கு எட்டாவிட்டால் பயன் என்ன? 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய அறிவிப்பின் நகல் வெளியாயிற்று. அணை, சுரங்கம், தொழிற்சாலை முதலியவற்றுக்கு அனுமதி தரும் முறையை மாற்ற வந்தது அது. அவற்றால் நிலத்தையும் நீரையும் இழக்கக்கூடியவர்கள் குடியானவர்களும் மீனவர்களுமே. நகலோ இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் இருந்தது! எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளிலும் அதை வெளியிடுமாறு ஜூன் 30-ந் தேதி டில்லி ஹைகோர்ட்டார் உத்தரவிட்டனர். சர்க்கார் கீழ்ப்படிவதற்குப் பதிலாகச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றனர். குடியானவரிடம் அவர் பாஷையில் பேசுவதற்கும் அப்பீலா?

பிற தேசத்தார் செய்திருப்பதையும் கவனிப்போம். பின்லாந்தில் 2012 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் 50,000 பிரஜைகள் ஒரு யோசனைக்குக் கையெழுத்திட்டால் பார்லிமெண்டு அதை எடுத்துக்கொண்டே தீரவேண்டும். இணையத்தின் வழியாகவும் கையெழுத்திடலாம். ஏற்பதும் தள்ளுவதும் பார்லிமெண்டின் இஷ்டம். காது கொடுப்பதோ கடமை. அங்கே அந்தக் கடமை சட்டத்தில் இருக்கிறது. இங்கே அது சர்க்காரின் தயவில் இருக்கிறது.

ஆகையால் நாம் கோருவன மூன்று. 2014-ஆம் வருஷக் கொள்கையைச் சட்டமாக்க வேண்டும். நகல் வெளியாகும் அன்றே தேசபாஷைகள் யாவற்றிலும் அது கிடைக்க வேண்டும். எந்த ஆட்சேபத்தை ஏற்றனர், எதை ஏன் தள்ளினர் என்று சர்க்கார் பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அதுவரை படித்தவர்கள் சும்மா இருக்கலாகாது. வெளியாகும் நகலைத் தமிழில் அண்டை அயலாருக்கு எடுத்துச் சொல்லி, அவர்கள் அபிப்பிராயத்தை அவர்கள் பெயராலேயே கெடுவுக்குள் அனுப்பச் செய்வது நம் ஒவ்வொருவரின் கடமை. கேளாத காதையும் ஓயாத குரல் ஒருநாள் திறந்தே தீரும்.